இடுப்பெலும்பு முறிவும் சிறு துளை ரண சிகிச்சையும்

இடுப்பொடிய உழைத்தல் என்பது நம் வழக்கில் ஒரு பாராட்டு. வெயில் பாராது மண்வெட்டி பிடிப்பவரையும், விடியுமுன் தறிக்குழியில் இறங்குபவரையும் நாம் அவ்வாறு சொல்லிப் புகழ்கிறோம். ஆனால் இடுப்பு மெய்யாகவே ஒடிந்துவிட்டால் அவ்வுழைப்பாளியின் கதி யாது, அவரை நம்பிய குடும்பத்தின் கதி யாது, அவருக்குக் கடன் வழங்கிய சங்கத்தின் கடமை யாது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணிப் பார்க்கவேண்டிய அவசியம் நமக்கு ஒரு கடன் பேரேட்டினால் நேர்ந்தது.

நமது சரகத்தில், ஆற்றங்கரையை ஒட்டிய ஒரு கிராமத்தின் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தோம். ஊரின் மேற்கே தறித் தெருக்கள், கிழக்கே தென்னந்தோப்புகள். ஆகவே நெசவாளரும் விவசாயிகளும் ஒரே சங்கத்தின் அங்கத்தினர்களாக உள்ளனர். தவணை தவறியோர் பட்டியலில், அதுகாறும் ஒரு தவணையும் தவறாத இருவரின் பெயர்கள் புதிதாக ஏறியிருந்தன. ஒருவர் நெசவாளர், மற்றவர் சிறு தோப்பு ஒன்றை உடைய விவசாயி. காரணம் வினவியபோது, இருவருக்கும் ஒரே பருவத்தில் இடுப்பெலும்பு முறிந்ததென்று செயலாளர் கூறினார். பல மாதங்கள் கழித்து மீண்டும் சென்றோம். விவசாயியின் பெயர் பட்டியலிலிருந்து நீங்கியிருந்தது. நெசவாளரின் பெயர் அவ்வாறே நின்றது. இவ்வேறுபாடு எதனால் நேர்ந்தது என்று விசாரித்ததன் பயனே இக்கட்டுரை. வைத்திய விஷயங்களை நமக்குப் பொறுமையுடன் விளக்கியவர், இத்துறையில் பழகிய எலும்பு ரண சிகிச்சை நிபுணர் ஒருவர்.

இடுப்பு வளையம்

இடுப்பெலும்பு என்று நாம் ஒருமையில் கூறுவது உண்மையில் ஒரே எலும்பன்று. இரு பக்கங்களிலும் இரண்டு அகன்ற எலும்புகள் உள்ளன. பின்புறம் நடுவில், முதுகெலும்பின் அடியில், முக்கோண வடிவில் திரிக எலும்பு அமைந்துள்ளது. இம்மூன்றும் கூடி ஒரு வளையமாகின்றன. வளையத்தில் மூன்று பொருத்துகள் உண்டு. திரிக எலும்பின் இருபுறமும் இரண்டு பின் மூட்டுகள். அடிவயிற்றின் கீழே, குருத்தெலும்பினால் இணைந்த முன் பொருத்து ஒன்று. பின் மூட்டுகளை இறுக்கி நிறுத்தும் நார்க்கட்டுகள் நம் உடலிலுள்ள மிக வலிய நார்க்கட்டுகளைச் சேர்ந்தவை.

தலை, மார்பு, கைகள் ஆகியவற்றின் பாரமெல்லாம் முதுகெலும்பின் வழியே இறங்கி, இப்பின் மூட்டுகளைக் கடந்தே, நிற்கையில் தொடைகளுக்கும் அமர்கையில் இருக்கை எலும்புகளுக்கும் செல்கிறது. குழித்தறியில் நாள் முழுதும் அமர்ந்து மிதிப்பலகைகளை மாறி மாறி மிதிப்பவரின் தொழில் முழுதும் இம்மூட்டுகளின்மீதே நிற்கிறதென்று கூறலாம். மரம் ஏறுபவருக்கும் வரப்பில் சுமை தூக்குபவருக்கும் அவ்வாறே.

கண்ணாடி வளையலை ஓரிடத்தில் மட்டும் உடைத்துப் பிரிக்க இயலாது. உடைந்தால் பெரும்பாலும் இரண்டு இடங்களில் உடையும். இடுப்பு வளையத்தின் இயல்பும் அதுவே. முன்புறம் ஒரு முறிவு தென்பட்டால் பின்புறமும் ஒரு சேதம் இருக்குமென்று ஐயுற்றுத் தேடுவது வைத்தியர்களின் வழக்கம்.

சேதம் நேரும் விதம் மூன்று. பக்கவாட்டில் வண்டி மோதினால் வளையம் உள்நோக்கி நசுங்குகிறது. முன்னிருந்து பின்னாக நசுக்குண்டால் முன் பொருத்து பிளந்து, இரட்டைக் கதவு திறந்தாற்போல் இடுப்பு விரிகிறது. முன் பொருத்தின் இடைவெளி இரண்டரை சென்டிமீட்டரை மிஞ்சினால், பின் மூட்டின் நார்க்கட்டுகளும் அறுந்திருக்கக்கூடும் எனக் கொள்வர். உயரத்திலிருந்து விழுந்து ஒரு காலோ ஒரு பிட்டமோ முதலில் தரையில் மோதினால், அப்பக்கத்து எலும்பு முழுதும் பின் மூட்டிலிருந்து பெயர்ந்து மேல்நோக்கி ஏறிவிடுகிறது. தென்னையிலிருந்தோ பனையிலிருந்தோ வீழ்வோருக்கு அஞ்சவேண்டியது இம்மூன்றாம் வகை.

இவற்றில் உடனடி அபாயம் எலும்பன்று, இரத்தமே. திரிக எலும்பின் முன்னே நரம்பு வலைபோல் இரத்தக் குழாய்கள் படர்ந்துள்ளன. அவை கிழிந்தால் இரத்தம் வெளியே தெரியாமல் இடுப்பினுள்ளேயே தேங்குகிறது. வளர்ந்த மனிதரின் உடலில் உள்ள இரத்தம் ஏறத்தாழ 5 லிட்டர். அதிற் பெரும்பகுதி தேங்குமளவுக்கு அங்கே இடம் உண்டு. மேலே ஒரு கீறலும் இல்லை என்று சுற்றியிருப்போர் ஆறுதல் கூறிக்கொண்டிருக்கையிலேயே உயிர் பிரிந்துவிடலாம்.

முன்னாளைய வைத்தியம்

ஒருபக்க எலும்பு மேலேறிவிடும் இம்முறிவைப் பிரெஞ்சு நாட்டு ரண வைத்தியர் மால்கேன் 19-ஆம் நூற்றாண்டிலேயே விவரித்தார். இன்றும் அதற்கு அவர் பெயர் வழங்குகிறது. ஆயினும் விவரிக்கக் கற்றதற்கும் நேராக்கக் கற்றதற்கும் இடையே நெடுங்காலம் சென்றது. நோயாளியைத் துணித் தொட்டிலில் தொங்கவிடுவதும், காலில் எடை கட்டி இழுத்து வாரக்கணக்கில் படுக்கவைப்பதுமே சிகிச்சையாக இருந்தது. படுக்கைப் புண்ணும், நுரையீரல் நோயும், கால் நாளங்களில் இரத்தம் உறைதலும் உடன் வந்தன. பிழைத்தெழுந்தவர் பலருக்கு ஒரு கால் குட்டையாயிற்று.

பின்னர், உடலைத் திறந்து எலும்பைத் தகடுகளாலும் திருகாணிகளாலும் பொருத்தும் முறை வந்தது. பாரிஸ் நகரத்து எமில் லெட்டூர்னெல் இத்துறையின் முன்னோடி. பக்க எலும்பின் வெளிப்புறமிருந்து திரிக எலும்பினுள் திருகாணி செலுத்தும் வழியை வகுத்தவர்களுள் அவர் முதன்மையானவர். ஆனால் விபத்தில் ஏற்கெனவே நசுங்கிய பின்புறத் தசையை நீளமாகக் கீறித் திறப்பதால் புண் அழுகுதலும், இரத்த நட்டமும் மிகுந்திருந்தன.

1990-களில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹார்பர்வியூ மருத்துவமனையில் சிப் ரௌட் என்ற நிபுணரும் அவருடன் பணியாற்றியோரும், நோயாளியை மல்லாந்து படுக்கவைத்த நிலையிலேயே, எக்ஸ்ரே நிழலைப் பார்த்தவாறு, தோலில் இட்ட சிறு துளையின் வழியாக அத்திருகாணியைச் செலுத்தும் முறையைச் செம்மைப்படுத்தினர். அம்முறை இன்று உலகெங்கும் கையாளப்படுகிறது. நம் நாட்டிலும் எலும்பு ரண சிகிச்சை வசதி மிக்க மருத்துவமனைகளில் செய்யப்படுகிறது.

சிறு துளையின் வழியே

இச்சிகிச்சை நிகழும் விதத்தைச் சுருங்கக் கூறுவோம். முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்து முறிவின் போக்கையும் திரிக எலும்பின் அமைப்பையும் அளந்துகொள்கின்றனர். நோயாளி மயக்கத்தில் இருக்க, பெயர்ந்த எலும்பை முதலில் அதன் இடத்துக்குக் கொணர வேண்டும். மேலேறிய பக்கத்தைக் காலின் வழியே இழுத்துக் கீழிறக்குகின்றனர். விரிந்த பக்கத்தை அழுத்தி ஒடுக்குகின்றனர். இதுவே சிகிச்சையின் உயிர்நிலை. கோணலாக நிற்கும் எலும்பில் எத்துணை அழகாகத் திருகாணி செலுத்தினாலும் கோணல்தான் நிலைபெறும்.

எலும்பு நேரானபின், ஆங்கில 'சி' எழுத்தைப்போல் வளைந்த கையுடைய எக்ஸ்ரே இயந்திரத்தை நோயாளியைச் சுற்றித் திருப்பி, தலைப்புறம் சாய்த்து ஒன்று, கால்புறம் சாய்த்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என மூன்று கோணங்களில் நிழல்களைப் பார்க்கின்றனர். பிட்டத்தின் பக்கவாட்டில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தோலைக் கீறி, மெல்லிய வழிகாட்டிக் கம்பியொன்றைப் பக்க எலும்பினூடே, பின் மூட்டைக் கடந்து, திரிக எலும்பினுள் செலுத்துகின்றனர். தசையை அறுத்து விலக்குவதில்லை. பாவின் இழைகளுக்கிடையே நாடா செல்வதுபோல் தசை நார்களுக்கிடையே கம்பி செல்கிறது. அது சரியான தடத்தில் இருப்பதை உறுதி செய்துகொண்டபின், நடுவே புழை உடைய திருகாணியை அக்கம்பியின்மேல் கோத்து முடுக்குகின்றனர். பெரியவர்களுக்கு வழக்கமாகப் பயன்படும் திருகாணியின் குறுக்களவு சுமார் 7 மில்லிமீட்டர். பின்னர்க் கம்பியை உருவிவிடுகின்றனர். துளைக்கு ஓரிரு தையல் போதும். முன் பொருத்து மிகவும் பிளந்திருந்தால் அதற்கு மட்டும் அடிவயிற்றின் கீழே சிறிது திறந்து தகடு வைக்க நேரிடும்.

துளை சிறிதாயினும் காரியம் சிறிதன்று. திருகாணி செல்லவேண்டிய பாதை குறுகியது. அதன் முன்னே பாதத்தை மேல்நோக்கித் தூக்கும் நரம்பு செல்கிறது. கீழே மற்றொரு நரம்பின் வாயில் இருக்கிறது. தடம் பிறழ்ந்தால் பாதம் தொய்ந்துவிடும். சிலருக்குத் திரிக எலும்பின் அமைப்பே பிறவியில் வேறுபட்டிருப்பதால் அப்பாதை மேலும் குறுகும். முதியோரின் தளர்ந்த எலும்பில் திருகாணி பிடிப்பற்றுப் போவதும் உண்டு. ஆகவே பழகிய கையும், நல்ல இயந்திரமும் உள்ள இடத்திலேயே இது செய்யத்தக்கது. எல்லா முறிவுகளுக்கும் இது பொருந்தாது. வளையம் உறுதியாக நிற்கும் எளிய முறிவுகள் ரண சிகிச்சையின்றி ஓய்விலேயே ஆறிவிடுவதும் உண்டு. எது எதற்கு உரியதென்று தீர்மானிப்பது வைத்தியரின் பொறுப்பு.

நிபுணர் கூறியவற்றுள் நம் மனத்தில் பதிந்தது வேறொன்று. முறிந்த முதற் சில நாட்களில் எலும்பு இழுத்த இழுப்புக்கு வரும். நாள் ஏற ஏற உறைந்த இரத்தம் தழும்பாகி, தழும்பினுள் புது எலும்பு படர்ந்து, கோணலைக் கோணலாகவே இறுக்கிவிடும். இரண்டு மூன்று வாரங்கள் கடந்துவிட்டால் சிறு துளையின் வழியே நேராக்குவது அரிது. பிறகு பெரிதாகத் திறந்து, ஒட்டியதை மீண்டும் உடைத்தே சேர்க்க வேண்டும். அதாவது, காயம் சிறிதாக இருப்பது வைத்தியரின் திறமையினால் மட்டும் அன்று. நோயாளி வந்து சேர்ந்த நாளைப் பொறுத்ததுமாகும்.

இரு அங்கத்தினர்கள்

விவசாயி தம் தோப்பில் மரத்தின் பாதி உயரத்திலிருந்து விழுந்தார். அன்று தோப்பை அடுத்த துணைச் சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் இருந்தது அவருடைய நல்லூழ். அவ்வம்மையார் ஒருவரையும் தூக்கவிடாமல், வேட்டியொன்றை அகலமாக மடித்து இடுப்பைச் சுற்றி இறுகக் கட்டி, 108 ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அனுப்பினார். அன்றிரவே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. காலில் எடை கட்டி இழுத்துவைத்து, நான்காம் நாள் சிகிச்சை நடந்தது. இரண்டு துளைகள். சில நாட்களில் ஊன்றுகோல்களோடு எழுந்தார். அடிபட்ட பக்கத்தில் பாரம் வைக்கலாகாதென்ற கட்டளையை மூன்று மாதம் காத்தார். இன்று கோலின்றி நடக்கிறார். குளிர் நாட்களில் வலி உண்டென்கிறார், மரம் ஏறுவதில்லை. காய் பறிக்கக் கூலி கொடுத்தபின்னும் தவணையைச் செலுத்திவிட்டார்.

நெசவாளர் பாவு நூலை இருசக்கர வண்டியில் வைத்துக்கொண்டு வருகையில் பின்னிருந்து வாகனம் மோதித் தள்ளியது. கூடியவர்கள் நல்லெண்ணத்துடன் கையிலும் காலிலுமாகத் தூக்கி, ஆட்டோவில் உட்காரவைத்தே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்றனர். அங்கே இடுப்பின் இடப்பக்கம் மேலேறியிருப்பதைக் கண்டு, ரண சிகிச்சை தேவையென்று கூறினர். உறவினர் இடுப்பைக் கிழித்துவிடுவார்களென்று அஞ்சினர். செலவு எவ்வளவாகுமோ என்ற அச்சம் அதனினும் பெரிது. கையெழுத்திட்டு வீட்டுக்கு அழைத்துவந்து நாட்டுக்கட்டுப் போட்டனர். கை முறிவையும் கால் முறிவையும் கட்டிக் குணப்படுத்தும் அனுபவசாலிகள் நம் ஊர்களில் உண்டு. ஆனால் இடுப்பினுள்ளே, தசைக்கும் குடலுக்கும் பின்னே பெயர்ந்துகிடக்கும் மூட்டை எந்தக் கட்டும் சென்று தொடாது. ஆறு வாரம் கழித்து மீண்டும் ஆஸ்பத்திரிக்குச் சென்றபோது எலும்பு கோணலாகவே இறுகியிருந்தது.

நாம் அவர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவாறே பேசினார். "ஐயா, படுத்தால் வலியில்லை. நின்றாலும் பொறுத்துக்கொள்வேன். உட்கார்ந்தால்தான் பத்து நிமிஷம் தாங்கவில்லை. நெசவாளி உட்காராமல் என்ன செய்வது?" என்றார். தறிக்குழியின்மேல் பலகை போட்டு மூடியிருந்தது. அவர் மனைவி வெளியூர்க்காரருக்குத் தார் சுற்றிக் கொடுத்துவருகிறார்.

அக்குடும்பத்தை அறியாமைக்காகக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அவர்களிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தது. பெட்டியின் அடியில் இருந்தது. சாலை விபத்தில் அடிபட்டோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம் தமிழக அரசால் 2021 டிசம்பரிலேயே தொடங்கப்பெற்றது. அதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. அவருக்குக் கடன் கொடுத்தது நம் சங்கம். ஜாமீன் கையெழுத்திட்டவர்கள் நம் அங்கத்தினர்கள். அன்றிரவு ஆஸ்பத்திரி வாயிலில் சங்கத்தின் சார்பில் ஒருவரேனும் நின்று, "அஞ்ச வேண்டாம்; துளைதான் இடுவார்கள்; செலவுக்கு வழியுண்டு" என்று சொல்லியிருந்தால் அவர் இன்று தறியில் இருந்திருக்கக்கூடும். இருவரின் முறிவும் ஒரே தன்மையதென்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் இருவருக்கும் கிட்டிய காலம் ஒரே தன்மையதாக இருந்திருக்கலாம். அத்தவறில் நமக்கும் பங்குண்டு. அசலையும் வட்டியையும் ஆராய்ந்தோமேயன்றி, அங்கத்தினர் விழுந்தால் யார் ஓடிவருவார் என்று ஒரு நாளும் நாம் வினவியதில்லை.

முதல் ஒரு மணி நேரம்

உயரத்திலிருந்து விழுந்தவரோ, வண்டி மோதியவரோ இடுப்பிலும் தொடைச்சந்திலும் வலியென்று கூறினால், அல்லது எழ இயலாமற் கிடந்தால், இடுப்பு முறிந்திருப்பதாகவே கொள்ள வேண்டும். முகம் வெளிறி, குளிர்ந்த வியர்வை அரும்பினால் உள்ளே இரத்தம் பெருகுகிறதென்று அஞ்ச வேண்டும். உடனே 108-ஐ அழைக்கவும். எழுப்பி நிறுத்துதல், உட்காரவைத்தல், கைகால் பிடித்துத் தூக்குதல், இடுப்பை அசைத்துச் சோதித்தல், உருவிவிடுதல் ஆகியவை கூடா. உண்ணவோ பருகவோ கொடுத்தலும் ஆகாது. விழும்போது முதுகெலும்பும் முறிந்திருக்கலாமாதலால் கழுத்தையும் முதுகையும் வளையவிடலாகாது.

இடுப்பைத் துணியால் கட்டுவது, உலக சுகாதார நிறுவனத்தின் அடிப்படை அவசரச் சிகிச்சைப் பயிற்சியிலேயே கற்பிக்கப்படும் முறை. கற்றவர் அருகில் இருந்தால், வேட்டியோ போர்வையோ ஒன்றைச் சுமார் ஒரு சாண் அகலத்துக்கு மடித்து, நோயாளியைப் புரட்டாமல் முழங்காலுக்கடியில் நுழைத்து மேலே நகர்த்திக் கட்டுவர். கட்டும் இடம் முக்கியம். அரைஞாண் கட்டும் இடத்திலன்று. அதற்கும் கீழே, தொடையெலும்பின் மேல்முனை பக்கவாட்டில் முட்டிநிற்கும் இடத்தில். நின்றுகொண்டு கைகளைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எந்த உயரத்தில் நிற்கிறதோ, ஏறத்தாழ அவ்வுயரம். மேலே கட்டினால் பயனில்லை. முழங்கால்களையும் சேர்த்துக் கட்டுவது நன்று. விரிந்த வளையம் ஒடுங்கினால் இரத்தப் பெருக்கும் தணியும்.

சங்கங்களின் கடமை

வருமுன் காத்தலே முதன்மையானது. தென்னை ஏறுவதற்கு ஏணிப்படி போன்ற கருவிகள் வந்துள்ளன. அவற்றோடு இடுப்பு வாரையும் சங்கம் வாங்கி வாடகைக்கு விடலாம். மரம் ஏறுவோருக்கென்றே தென்னை வளர்ச்சி வாரியம் 'கேர சுரக்ஷா' என்ற விபத்துக் காப்பீட்டை நடத்திவருவதை நம் அங்கத்தினருக்கு அறிவிக்கலாம்.

அடுத்து, மருத்துவக் காப்பீட்டு அட்டை எவரிடம் உள்ளது, எவரிடம் இல்லை, எவர் பெயர் விடுபட்டுள்ளது என்று ஒரு பதிவேடு வைத்தல் வேண்டும். சாலை விபத்துக்குரிய 48 மணி நேரத் திட்டம் மரத்திலிருந்து வீழ்ந்தவருக்கு உதவாது. அவருக்கு அட்டையே துணை. மூன்றாவது, அருகில் எந்த ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்புக்கு ரண சிகிச்சை செய்யும் வசதி உண்டென்று முன்கூட்டியே விசாரித்து, அலுவலகச் சுவரில் எழுதிவைக்கலாம். நான்காவது, சிகிச்சை பெறும் அங்கத்தினரின் தவணைக்கு விதிகளுக்குட்பட்டு அவகாசம் அளிக்க வேண்டும். மூன்று மாதம் பாரம் வைக்காதிருக்க வேண்டியவரை, தவணைக்கு அஞ்சி ஆறாம் வாரத்தில் தறியில் இறங்கச் செய்வது கூட்டுறவாகாது.

மேற்சொன்ன சங்கத்தின் மகாசபை சென்ற கூட்டத்தில் இவற்றை ஆராய்ந்தது. நெசவாளர்கள் ஒரு சாண் அகலத்துக்கு மடித்துத் தைத்த கட்டுத் துணிகள் நான்கு தந்தனர். தோப்புக்காரர்கள் ஆள் நீளப் பலகையொன்று தந்தனர். துணைச் சுகாதார நிலையத்துச் செவிலியர், துணி கட்டும் விதத்தை அங்கேயே செய்துகாட்டினார். நெசவாளரின் கடனுக்கு அவகாசம் அளிப்பதென்று தீர்மானிக்கப்பட்டது. கோணலாக இறுகிய எலும்பை நேராக்குவதற்குரிய பெரிய ரண சிகிச்சை குறித்து மருத்துவக் கல்லூரியில் ஆலோசனை பெற, அவருடன் செல்வதற்குச் செயலாளர் முன்வந்துள்ளார். அதன் முடிவை நாம் இன்னும் அறியோம்.

ஏனைய சங்கங்களும் அடுத்த மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் இதற்கு ஓரிடம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இனி நாம் ஆய்வுக்கு வரும்போது பேரேட்டோடு, காப்பீட்டு அட்டைப் பதிவேட்டையும் கேட்போம்.